பேனல் சா வயிற்றுக்குள் தூள் குவிகிறதா? முதலில் உள் ஓஸைப் பாருங்கள்

"ஏனுங்ணா, இந்த மூணு ஹெச்பி டஸ்ட் கலெக்டர் பத்தலையாட்ட இருக்குது. அஞ்சு ஹெச்பி வாங்கிப் போட்டறலாமுங்களா?"

ப்ளைவுட், போர்டு அறுக்கும் பேனல் சா வைத்திருக்கும் பட்டறைகளில் இருந்து மாதத்துக்கு இரண்டு முறையாவது எனக்கு இந்தப் போன் வரும். பல்லடம், பெருந்துறை, கோபி என்று ஊர் மாறும், கேள்வி மாறாது. நானும் திருப்பி ஒன்றைத்தான் கேட்பேன்: "தம்பி, பேனல் சாவோட பின்கதவைத் தொறந்து உள்ளே இருக்கற ஓஸைப் பாத்தீங்களா?" அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. மிஷின் வந்து இறங்கிய நாளில் இருந்து அந்தக் கதவு திறக்கவில்லை என்று அர்த்தம்.

தூளை இழுக்கும் டஸ்ட் கலெக்டருக்குச் சுவரோரம் ஓடும் பைப்பை எல்லோரும் பார்க்கிறார்கள், கலெக்டரின் பையை எல்லோரும் தட்டுகிறார்கள். மிஷினுக்கு உள்ளே ஒரு முழமோ ஒன்றரை முழமோ நீளத்தில் இன்னொரு ஓஸ் இருக்கிறது. பிளேடுக்கு அடியில் இருக்கும் தகரக் கூட்டில் தொடங்கி, மிஷினின் பின்பக்கத்து வாயில் போய் முடியும். வெளியே இருக்கும் பைப் அசையாமல் கிடக்கும். இந்த உள் ஓஸுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. பிளேடு ஏறினால் கூடவே ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும், 45 டிகிரிக்குச் சாய்ந்தால் சாய வேண்டும். அதனால் மொத்த லைனிலும் முதலில் நழுவுவதும் மடங்குவதும் தேய்வதும் இதுதான். ஐந்து ஹெச்பிக்குக் காசை எடுத்து வைப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் இதற்குக் கொடுங்கள்.

கோளாறு மிஷினுக்கு உள்ளேயா, வெளியேயா?

அறிகுறிகளுக்குப் போகும் முன் இந்த ஒரு சோதனை. மிஷினின் பின்வாயில் மாட்டியிருக்கும் வெளி ஓஸின் கிளிப்பைத் தளர்த்திக் கழற்றுங்கள். பேனல் சாவை ஓட்டாமல் டஸ்ட் கலெக்டரை மட்டும் போடுங்கள். கழற்றிய ஓஸ் வாயருகே ஒரு முழு நியூஸ்பேப்பர் தாளைத் தொங்கவிட்டுப் பாருங்கள். சரியான இழுவை இருந்தால் தாள் வெடுக்கென்று ஓடிப்போய் வாயில் ஒட்டும், பிடுங்கினால் கிழியும். அப்படி ஒட்டினால் கலெக்டர் மேல் குற்றம் இல்லை, கோளாறு மிஷின் வயிற்றுக்குள் இருக்கிறது. தாள் சோம்பலாக ஆடினால் கோளாறு வெளியே. கீழே "எல்லா மிஷினிலும் இழுவை குறைந்துவிட்டது" என்ற பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

சிலர் ஊதுபத்தி கொளுத்திப் புகையை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். மரத்தூள் மண்டிக் கிடக்கும் இடத்தில் நெருப்பு வேண்டாம். தாளே போதும்.

இழுவைக்குக் கணக்கும் உண்டு. காய்ந்த மரத்தூளைப் பைப்பில் படியவிடாமல் கொண்டுபோக, காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். ஈர மரத்தின் சீவலுக்கு 28 மீட்டர். பேனல் சாவின் கீழ்வாய் பெரும்பாலும் 100 அல்லது 120 மி.மீ. இருக்கும். 100 மி.மீ. வாயில் 20 மீட்டர் வேகம் வேண்டுமென்றால் மணிக்குச் சுமார் 565 கன மீட்டர் காற்று ஓட வேண்டும், 120 மி.மீ. வாய்க்குச் சுமார் 815. வாயளவு பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், காற்றுக் கணக்கில் பெரிய வித்தியாசம்.

கை வைப்பதற்கு முன்

எமர்ஜென்சி பட்டனை அமுக்கிவிட்டேன் என்பது போதாது. சுவரில் இருக்கும் ஐசொலேட்டரை (மிஷினுக்கு வரும் கரண்டை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்குங்கள். பூட்டு இருந்தால் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போடுங்கள். "கரண்ட் இல்லைங்ணா, பவர் கட்டு" என்று தைரியமாக உள்ளே கை விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போன கரண்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? பிளேடு முழுதாக நின்றபின், ஸ்லைடிங் டேபிளைக் கடைசி வரை தள்ளி, பிளேடு மூடியைத் திறந்து, மெயின் பிளேடையும், அதற்கு முன்னால் பலகையின் அடியில் கீறிவிடும் சின்ன ஸ்கோரிங் பிளேடையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் நான் உள்ளே கை விடுவேன். நிற்கும் பிளேடும் கையைக் கிழிக்கும்.

மூக்குக்கு மாஸ்க் போடுங்கள். கைக்குட்டை மாஸ்க் ஆகாது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. எம்.டி.எஃப். (மரநாரைப் பசை சேர்த்து அழுத்திய பலகை) தூளில் மரத்தோடு பசையும் சேர்ந்தே வருகிறது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த கதவைத் திறக்கும்போது முகத்தில் வந்து விழுவது இந்த மாவுதான்.

அறிகுறி: மேஜைக்கு மேலே தூள் கொஞ்சம்தான், ஆனால் பெட்டிக்குள் தூள் குவியலாகக் கிடக்கிறது

பத்துக்கு ஆறு இடத்தில் ஓஸ் தகரக் கூட்டில் இருந்து நழுவியிருக்கும். கலெக்டர் நன்றாக இழுக்கும், ஆனால் பெட்டிக்குள் இருக்கும் வெறும் காற்றை இழுக்கும். தூள் தன் பாட்டுக்குக் கீழே கொட்டும். குவியல் மோட்டார் வரைக்கும் ஏறி, பெல்ட் அதில் புரண்டு ஓடுகிற நிலைக்கு வந்த பின்தான் யாராவது கவனிப்பார்கள். மோட்டாரின் விசிறி மூடி தூளில் அடைத்துக்கொண்டால் மோட்டார் சூடேறி டிரிப் ஆகும். அதற்கும் "லோடு தாங்கலை" என்று வேறு காரணம் சொல்வார்கள்.

நழுவுவதற்குக் காரணம் மூன்று.

முதலாவது கிளிப். நம்மூர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண ஓஸ் கிளிப் வழுவழுப்பான ரப்பர் ஓஸுக்குச் செய்தது. நம் ஓஸ் கம்பிச் சுருள் ஓடும் ஓஸ். கிளிப் பட்டை ஒரு பக்கம் கம்பி மேட்டில் உட்காரும், மறு பக்கம் பள்ளத்துக்கு மேலே சும்மா நிற்கும். ஸ்குரூவை எவ்வளவு இறுக்கினாலும் மேட்டில் மட்டும்தான் பிடி. கம்பியைத் தாண்டிப் போவதற்கு நடுவில் பாலம் போல வளைவு வைத்த கிளிப் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லையென்றால் ஓஸின் முனையில் சுருள் போகும் போக்கிலேயே லாரி டியூப் ரப்பர் பட்டையைப் பள்ளத்தில் சுற்றி, மேட்டுக்குச் சமமாக்கிவிட்டு அதன் மேல் கிளிப் போடுங்கள். அழகாக இருக்காது, நழுவாது.

இரண்டாவது அளவு. வெளிநாட்டு மிஷினின் வாய் 120 மி.மீ., நம் கடையில் இருப்பது நாலு அங்குல ஓஸும் ஐந்து அங்குல ஓஸும். நாலு அங்குலம் 102 மி.மீ., மாட்டவே மாட்டாது. ஐந்து அங்குலம் 127 மி.மீ., ஏழு மி.மீ. லூசாக ஆடும். ஆடும் ஓஸைக் கிளிப் போட்டு நசுக்கி மாட்டியிருப்பார்கள். நசுங்கிய மடிப்பு வழியே காற்று புகும், கொஞ்ச நாளில் ஓஸும் கழன்று வரும். இங்கேயும் டியூப் ரப்பர் உதவும், ஆனால் முழுச் சுற்றாக, ஒரே தடிமனாகச் சுற்ற வேண்டும். இன்னும் நல்லது, லேத்துப் பட்டறையில் கொடுத்து ஒரு தகர வளையம் செய்துகொள்வது. கோயமுத்தூரில் லேத்துக்கா பஞ்சம்?

மூன்றாவது நீளம். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். பல வருடம் முன்பு சமையலறை அலமாரி வேலை செய்யும் ஒருவரின் மிஷினில் உள் ஓஸை மாற்றினேன். பிளேடு நேராக நிற்கும் நிலையில் அளந்து, கச்சிதமாக வெட்டி, மாட்டிவிட்டு வந்தேன். "தொங்கலே இல்லாம எத்தனை சுத்தமா இருக்குது பாருங்க" என்று பெருமை வேறு. மறுநாள் அவர் 45 டிகிரியில் கட்டிங் போட்டிருக்கிறார். பிளேடு சாய, தகரக் கூடு அக்கட்ட போக, ஓஸ் இழுபட்டுக் கழன்று பெல்ட் மேல் விழுந்திருக்கிறது. பெல்ட் அதைத் தேய்த்துத் தேய்த்து, கம்பியை வெளியே உருவிவிட்டது. ரப்பர் கருகும் வாடையில்தான் ஆட்கள் மிஷினை நிறுத்தியிருக்கிறார்கள். பெல்டும் போச்சு, ஓஸும் போச்சு, என் பேரும் கொஞ்சம் போச்சு.

அதற்கப்புறம் மூன்று நிலையில் அளக்காமல் நான் ஓஸை வெட்டுவதில்லை. பிளேடு நேராக, முழுதாக இறங்கி. பிளேடு நேராக, முழுதாக ஏறி. பிளேடு 45 டிகிரி சாய்ந்து, முழுதாக ஏறி. இந்த மூன்றில் எது அதிகத் தூரமோ அதற்கு மேல் நாலு விரல் சேர்த்து வெட்டுங்கள். அதற்கு மேலே விட்டால் வேறு தொல்லை வரும், அதை அடுத்துச் சொல்கிறேன்.

மாட்டும்போது ஒரு வார்த்தை. புது ஓஸ் விறைப்பாக இருந்தால் அரை மணி நேரம் வெயிலில் போடுங்கள், இளகிவிடும். கூட்டின் வாயில் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றுங்கள். எண்ணெய் தடவினால் எண்ணெயில் தூள் ஒட்டிப் பிசினாகும். கம்பிச் சுருளுக்கு மரை போல ஒரு திசை உண்டு, அந்தத் திசையில் திருகினால் தானாகவே ஏறும். எதிர்த் திசையில் முரட்டுத்தனமாகத் தள்ளினால் கம்பி துருத்திக்கொண்டு வரும்.

அறிகுறி: நேர் கட்டிங்கில் சுத்தம், சாய்வு கட்டிங்கில் தூள் பறக்கிறது

இது ஓஸ் மடங்குவது. நீளம் அதிகமாக விட்ட ஓஸ், பிளேடு சாயும்போது முழங்காலை மடக்கியது போல ஓரிடத்தில் மடங்கி நிற்கும். வாய் பாதியாகும். நேராக்கினால் மறுபடி திறந்துகொள்ளும். அதனால்தான் கதவைத் திறந்து சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஐசொலேட்டர் இறங்கியிருக்கும்போதே கைச்சக்கரத்தைத் திருப்பி மெல்ல மெல்லச் சாய்த்து, டார்ச் அடித்துக்கொண்டே பாருங்கள். எந்த டிகிரியில் மடங்குகிறது என்று கண்ணெதிரே தெரியும். சாய்ப்பு மோட்டாரில் ஓடும் மிஷின் என்றால் கரண்ட் இல்லாமல் சாயாது. கதவை மூடி, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, சாய்த்து, மறுபடி ஐசொலேட்டரை இறக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். நாலைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். அலுப்புத்தான், வேறு வழியில்லை.

மடங்கினால் முதலில் நீளத்தைக் குறையுங்கள். நீளம் சரியாக இருந்தும் மடங்கினால் ஓஸ் கிழடாகிவிட்டது. பி.வி.சி. ஓஸ் இரண்டு மூன்று கோடையைப் பார்த்தால் விறைத்துவிடும், வளைய வேண்டிய இடத்தில் மடங்கும். உள் ஓஸுக்கு மட்டுமாவது பாலியூரிதேன் ஓஸ் போடுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் வளைவிலும் தேய்மானத்திலும் பி.வி.சி. அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஒன்றரை முழத்துக்கு என்ன பெரிய காசு?

மடங்காமல், ஆனால் அடியில் தொட்டில் போலத் தொங்கி நின்றாலும் தப்புத்தான். அந்தத் தொட்டிலில் தூள் படுத்துக்கொள்ளும். மிஷின் உடம்பில் ஒரு ஓட்டையில் பட்டை கட்டி ஓஸைத் தாங்கிவிடுங்கள். பட்டைக்குள் ஓஸ் முன்னும் பின்னும் நகர இடம் இருக்க வேண்டும். கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டினால் அந்த இடத்திலேயே அறுக்கும்.

அறிகுறி: ஓஸ் உள்ளே சப்பிப் போகிறது

கலெக்டரைப் போட்டதும் ஓஸ் கன்னம் ஒட்டினாற்போல உள்ளே இழுத்துக்கொண்டால், இரண்டில் ஒன்று. கம்பி இல்லாத மெல்லிய ஓஸ், வடிகாலுக்கு வாங்கியதைக் கொண்டுவந்து மாட்டியிருப்பார்கள். அல்லது ஓஸுக்கு முன்னால், தகரக் கூட்டின் வாயிலேயே அடைப்பு. காற்று வர வழியில்லாததால் ஓஸ் சப்புகிறது. கலெக்டர் நல்ல பலத்தோடு இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. அடைப்பை எடுங்கள், அது தானாக உப்பிக்கொள்ளும்.

அறிகுறி: அடைப்பை எடுத்து ஒரு வாரம் ஆகவில்லை, மறுபடி அடைப்பு

கூட்டின் வாயில் கையை விட்டால் என்ன வருகிறது என்று பாருங்கள். அதுவே காரணத்தைச் சொல்லிவிடும்.

மைகாவின் நீளச் சில்லுகளும் ப்ளைவுட்டின் ஓரச் சீவல்களும் வந்தால், அவை பிளேடுக்குப் பக்கத்து இடைவெளி வழியே விழுந்தவை. பிளேடைச் சுற்றியுள்ள துண்டுப் பட்டை தேய்ந்து, இடைவெளி சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஆகியிருக்கும். ஐந்து மி.மீ. சீவல் நேராகக் கீழே விழுந்து, கூட்டின் வாயில் குறுக்கே உட்காரும். ஒன்று உட்கார்ந்தால் போதும், பின்னால் வருவதெல்லாம் அதில் கூடு கட்டும். ஓஸை மாற்றி இதற்குத் தீர்வு கிடையாது, அந்தப் பட்டையைத்தான் மாற்ற வேண்டும்.

நார் நாராகச் சுருண்டு வந்தால் ஈர மரம். பம்ப்செட்டுக்குப் பேக்கிங் பெட்டி செய்கிற பட்டறைகளில், ஐப்பசி மழையில் நனைந்த மரத்தை அப்படியே அறுக்கும்போது இது வாடிக்கை. முன்னால் சொன்ன 28 மீட்டர் கணக்கு இதற்குத்தான். காய்ந்த ப்ளைவுட்டுக்குப் போதுமான கலெக்டர் ஈர மரத்தில் திணறும். மரத்தை இரண்டு நாள் காயவிடுங்கள், முடியாதென்றால் அன்றைக்கு ஓரிரு முறை கூட்டைச் சுத்தம் செய்யுங்கள்.

வெறும் மாவு கெட்டியாகப் படிந்திருந்தால் வேகம் பத்தவில்லை. எங்கேயோ வாய் குறுகியிருக்கிறது. 120 மி.மீ. வாயில் குறைப்பான் போட்டு மூன்று அங்குல ஓஸை மாட்டியிருந்தால் காற்று போகும் பரப்பு பாதிக்கும் கீழே, நூற்றுக்கு நாற்பதாகிவிடும். "மூணு அங்குலத்துல காத்து வேகமாப் போகுமுங்க" என்பார்கள். அந்தச் சின்ன வாயில் வேகமாகத்தான் போகும், கூட்டுக்குள் இருக்கும் தூளை அள்ள அளவு வராது.

அறிகுறி: விசில் சத்தம், அல்லது ஓஸின் ஓரமாகத் தூள் கோடு

ஓட்டை. மிஷின் விளக்கை அணைத்துவிட்டு, கழற்றிய ஓஸுக்குள் போன் டார்ச்சைப் போட்டு வெளியே இருந்து பாருங்கள், ஊசி முனை ஓட்டைகூட நட்சத்திரமாகத் தெரியும். வளைவின் வெளிப்பக்கம்தான் முதலில் தேயும், தூள் வேகமாக வந்து மோதும் இடம் அது. ஒன்றிரண்டு ஓட்டைக்கு டேப் சுற்றி ஒரு வாரம் ஓட்டலாம். பளபளப்பான ஒரு தேய்மானம் கோடாக, ஒரே பக்கத்தில் இருந்தால் அது தூள் தேய்த்தது இல்லை, பெல்டோ தகர விளிம்போ உரசியது. அங்கே ஓஸை மாற்றுவதற்கு முன் போக்கை மாற்றுங்கள். இல்லையென்றால் புது ஓஸும் அதே இடத்தில் போகும்.

அறிகுறி: பிளேடுக்கு முன்பக்கம் மட்டும் தூள் வருகிறது

ஸ்கோரிங் பிளேடு. அது மெயின் பிளேடுக்கு எதிர்த் திசையில் சுற்றுவதால், மெயின் கூட்டு வாய் அதன் தூளை முழுதாகப் பிடிக்காது. சில மிஷினில் அதற்குத் தனியாகச் சின்ன வாயும் சின்ன ஓஸும் உண்டு. சர்வீஸின்போது கழற்றி, மாட்ட மறந்து, கீழே கிடக்கும். தேடிப் பாருங்கள்.

இன்னொன்று. போர்டின் ஓரத்தை மூன்று, நாலு மி.மீ. மட்டும் சீவி எடுக்கும்போது மேலே தூள் தெறிப்பது ஓஸ் கோளாறு இல்லை. பிளேடின் ஒரு பக்கம் மரமே இல்லாமல் திறந்திருக்கிறது, தூளைக் கீழே கொண்டுபோகக் காடி கிடையாது. எந்த மிஷினிலும் தெறிக்கும். அதைப் பிடிப்பது மேல் கார்டில் இருக்கும் ஓஸ். அந்த ஓஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு "கீழே இழுக்கவில்லை" என்று சொல்வதில் நியாயமில்லை. மேல் ஓஸையும் கீழ் ஓஸையும் ஒரே லைனில் பிரித்திருந்தால் மேல் கிளையில் ஒரு கேட் (காற்றுப் பாதையைத் திறந்து மூடும் தகடு) வையுங்கள். மேலே அகலமாகத் திறந்துவிட்டால் கீழே இருக்கும் இழுவையை அது தின்றுவிடும்.

அறிகுறி: ஓஸைத் தொட்டால் சுளீர் என்கிறது

பங்குனி, சித்திரையில் காற்று காய்ந்து கிடக்கும்போது வரும். பிளாஸ்டிக்கில் தூள் உரசி ஓடுவதால் சேரும் மின்சாரம் அது. கரண்ட் கசிவு என்று பயந்து வயர்மேனைக் கூப்பிடுவார்கள். (கசிவு இல்லை என்று ஒரு முறை டெஸ்டர் வைத்து உறுதி செய்வதில் தப்பில்லை.) ஓஸின் சுருள் கம்பியை இரண்டு முனையிலும் ஒரு விரல் நீளம் உரித்து, ஒரு முனையை மிஷின் தகரத்திலும் மறு முனையைக் கலெக்டர் பக்கத்து இரும்பிலும் ஸ்குரூ போட்டுப் பிடியுங்கள். நடுவில் பி.வி.சி. பைப் இருந்தால் அங்கே தொடர்பு அறுந்துவிடும், ஒரு செம்புக் கம்பியால் தாண்டுங்கள். பெயிண்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள், பெயிண்ட் மேல் மாட்டினால் பிரயோஜனமில்லை.

அறிகுறி: எல்லா மிஷினிலும் இழுவை குறைந்துவிட்டது

இப்போதுதான் கலெக்டர் பக்கம் போக வேண்டும். கீழ்ப் பை பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறதா? மேல் பைத் துணியில் மாவு ஏறி மூச்சு விட முடியாமல் இருக்கிறதா? வேறு மிஷினின் கேட் திறந்தே கிடக்கிறதா? பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும். திருப்பூர்ப் பக்கம் ஒருவர் பை கிழிந்துபோனதும் பனியன் துணியில் தைத்துப் போட்டிருந்தார். மாவு மொத்தமும் துணியைத் தாண்டி வந்து பட்டறையில் பனி பெய்தது. ஊரில் துணிக்குக் குறைவில்லை, ஆனால் வடிகட்டும் துணி வேறு.

ஒன்றை மட்டும் நின்று சொல்ல வேண்டும். கலெக்டர் மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்து வாங்கிய பிறகு இழுவை குறைந்ததா? ஒரு பட்டறையில் இரண்டு வாரமாக ஓஸ் ஓஸாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் போய் உள் ஓஸைத்தான் முதலில் திறந்தேன், பழக்க தோஷம். அது நன்றாகவே இருந்தது. அப்புறம் நியூஸ்பேப்பர் சோதனை செய்தால், தாள் சோம்பலாக ஆடுகிறது. பை காலி, துணி சுத்தம். கடைசியில் மோட்டாரின் மேல் மூடியில் இருந்த அம்புக்குறியைப் பார்த்துவிட்டு, சுவிட்சை ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினேன். விசிறி அம்புக்கு எதிராகச் சுற்றி நின்றது. மோட்டாரைத் திரும்ப மாட்டியவர் த்ரீ ஃபேஸில் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

இதில் ஏமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வகை விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் காற்று வெளியே ஊதாது, இழுக்கத்தான் செய்யும், ஆனால் நோஞ்சானாக இழுக்கும். சத்தமும் ஏறக்குறைய அதேதான். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஸ்டார்ட்டரில் ஏதாவது இரண்டு ஃபேஸ் வயரை இடம் மாற்றினால் சரியாகிவிடும், அதை எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். பட்டறைக்கு வரும் மெயின் லைனிலேயே ஃபேஸ் மாறியிருந்தால் பேனல் சாவும் எதிர்ப்பக்கம் சுற்றும். அப்படியானால் பலகையைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது.

அறிகுறி: வாடை

கருகும் ரப்பர் வாடைக்குக் காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். மரம் புகையும் வாடை வந்தால் உடனே எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பழைய மரத்தில் ஆணி பட்டுப் பறக்கும் பொறி, ஓஸ் வழியாகப் பைக்குப் போய்த் தூளுக்குள் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஆணி பட்ட அன்று பையை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். வெளியே எடுத்துக் கொட்டித் தண்ணீர் தெளியுங்கள்.

செத்த வாடை வந்தால் எலி. ஆயுத பூஜை, தீபாவளி என்று பட்டறை நாலு நாள் மூடிக் கிடந்தால் போதும், சூடான இடம், மெத்து மெத்தென்று தூள், எலிக்கு வேறென்ன வேண்டும்? பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பட்டறை, பக்கத்திலேயே கொப்பரை குடோன். உள் ஓஸில் இருந்து தேங்காய் நாரும் மைகா சில்லும் துணிக் கிழிசலும் கலந்து கூடு ஒன்றை முழுசாக உருவி எடுத்தோம். மேலே கடித்த ஓட்டை வேறு. லீவுக்கு மூடும்போது பின்வாயின் கேட்டை அடைத்துவிட்டுப் போங்கள்.

மாட்டி முடித்தபின்

பிளேடு மாட்டுவதற்கு முன், கைச்சக்கரத்தை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். ஏற்றி, இறக்கி, சாய்த்து, நிமிர்த்தி. ஓஸ் எங்கும் இழுபடக் கூடாது, பெல்டில் இருந்து நாலு விரலாவது தள்ளியிருக்க வேண்டும். பெட்டிக்குள் கிடக்கும் பழைய தூளைச் சுத்தமாக அள்ளிவிடுங்கள். ஏர் அடித்து ஊதாதீர்கள், வேக்குவம் வைத்தோ கையால் அள்ளியோ எடுத்தால் போதும். அப்புறம் கதவை மூடி, பிளேடு மாட்டி, ஒரு முழு எம்.டி.எஃப். ஷீட்டை நேராகவும் சாய்த்தும் அறுங்கள். ஐசொலேட்டரை இறக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். தரையில் ஒரு உள்ளங்கை அளவு மாவு இருந்தால் அது கணக்கில்லை, எந்த மிஷினிலும் அவ்வளவு இருக்கும். இரண்டு கை கொள்ளாமல் இருந்தால் கூட்டின் வாயில் இருக்கும் கிளிப்பை இன்னொரு தரம் பாருங்கள்.